ஏழாம் புள்ளி

ஜூன் 3, செவ்வாய். வள்ளியூர்

இரத்த அழுத்தத்தைத் தினமும் அளந்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க, என்ன நடந்ததுன்னும் ரெண்டு வரி சேர்த்து எழுதுங்க சார். எதனால ஏறுதுன்னு பிடிச்சிடலாம்" என்றார். கம்பெனி இலவசமாகக் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதற்கும் ஒரு வேலை ஆயிற்று.

என் வேலை காற்றாலைக்கு இடம் பார்ப்பது. பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். காற்று இருந்தால் பாதை இருக்காது, பாதை இருந்தால் மின்பாதை தூரத்தில் இருக்கும், எல்லாம் பொருந்தி வந்தால் நிலத்துக்கு ஆறு பங்காளிகள் இருப்பார்கள். இந்த முறை உடையன்தேரி என்ற ஊர். மேற்கே மலைத்தொடரில் ஒரு கணவாய் இருக்கிறது. வைகாசியில் அது வழியாக இறங்கும் காற்று, ஆவணி வரைக்கும் இந்தப் பக்கத்து ஆட்களை நிமிர்ந்து நடக்க விடாது.

லாட்ஜில் கொசு இல்லை. அதுவும் காற்றுக்குப் பயந்த ஜாதிதான் போலிருக்கிறது. அழுத்தம் சரியாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

காலையிலேயே டிரைவர் ஜெபராஜ் ஜீப்போடு வந்துவிட்டான். உள்ளூர்க்காரன். பேச்சை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும் என்று நினைக்கிறவன்.

படத்தில் ஒன்பது புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு காற்றாலை. திருச்சியில் என் மேஜையில் உட்கார்ந்தபடி, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நானே வைத்த புள்ளிகள். இப்போது நேரில் நடந்து பார்த்து எது சரி, எது தப்பு என்று முடிவு சொல்ல வேண்டும். இரண்டாம் புள்ளி குளத்துக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. தண்ணீர் வந்தால் நாரையும் வரும் என்றான் ஜெபராஜ். இறக்கையில் பறவை அடிபட நான் காரணமாக வேண்டாம், தள்ளி வைத்தாயிற்று. நாலாம் புள்ளிக்கு இறக்கை ஏற்றிய நீளலாரி மாதா கோவில் முக்கில் திரும்பாது. கோவிலை நகர்த்த முடியாது, லாரியையும் மடக்க முடியாது. புள்ளியைத்தான் நகர்த்த வேண்டும்.

ஏழாம் புள்ளிதான் மாப்பிள்ளை. செம்மண் மேடு, மேற்கே தடையே இல்லை, பக்கத்திலேயே அகலமான வண்டிப்பாதை. ஒரு வருடமாக அங்கே நிற்கும் எங்கள் காற்றளவுக் கம்பமும் அதைத்தான் சொல்கிறது. நிலம் தங்கப்பழம் என்பவருடையது. ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டைக்காரர், எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்கிறார். புள்ளிக்குக் கொஞ்ச தூரத்தில் ஓடு போட்ட சின்னக் கட்டடம் ஒன்று இருக்கிறது. படத்தைப் பார்த்து அதை 'மோட்டார் அறை' என்றுதான் குறித்திருந்தேன்.

வீடு இருந்தால் அதைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள் காற்றாலை வைக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. இரைச்சல் இருக்கும், இறக்கையின் நிழல் ஜன்னலில் ஓடிக்கொண்டே இருக்கும், மனிதன் தூங்க முடியாது. மோட்டார் அறை என்றால் கவலை இல்லை. கிரேன் வருவதற்கு இடித்துக்கொள்ளலாம்.

"யாராவது குடியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"மோட்டார் கெடக்கு சார். வேற யாரு இருக்கா?" என்றார் தங்கப்பழம்.

கதவில் பூட்டு தொங்கியது. வாசலில் தண்ணீர் தெளித்தமாதிரி ஈரம். மோட்டார்க் கசிவாக இருக்கும். மோட்டார் அறை சரியே என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

மாலையில் மனைவி அகிலா போன் செய்தாள். குடும்பக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்களாம். "வீட்ல மொத்தம் எத்தனை பேருன்னு கேக்குறாங்க. என்னங்க சொல்ல?" என்றாள். இதெல்லாம் ஒரு கேள்வியா? நாலு பேர் என்றேன். நான், அவள், பிள்ளைகள் இரண்டு பேர். அகிலா "சரி" என்று வைத்துவிட்டாள்.

என் தங்கை வசுமதி தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். புருஷனோடு ஒத்து வரவில்லை. பக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாள், கீழே யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு மின்சார அடுப்பை வைத்துத் தானே சமைத்துக்கொள்கிறாள். கீழே வந்து எங்களோடு சாப்பிடு என்று நானும் சொன்னேன், ஒரு தடவை. எப்படியும் கொஞ்ச நாளைக்குத்தான். கண்டோன்மென்ட் பக்கம் பெண்கள் விடுதி ஒன்று விசாரித்து வைத்திருக்கிறேன். அகிலா வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் நாத்தனார் வீட்டோடு இருப்பது எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? அவளுக்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

அழுத்தத்தின் மேல் எண் கூடியிருக்கிறது. மத்தியானம் சாப்பிட்ட நெத்திலிக் கருவாடு காரணம்.

ஜூன் 6, வெள்ளி

இரைச்சல் அளக்கும் கருவியை ஏழாம் புள்ளிப் பக்கம் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் முக்காலியில் நிறுத்திவிட்டு வந்தேன். காற்றாலை வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் இயற்கையாகவே எவ்வளவு சத்தம் என்று அது இரண்டு மூன்று நாள் நின்று கேட்டுக்கொள்ளும். தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை மாட்டியிருக்கும். "நம்ம ஸ்கூல் வாத்தியார் மாதிரி நிக்கி சார்" என்றான் ஜெபராஜ்.

ஜூன் 7, சனி

சாரல். லாட்ஜை விட்டு நகரவில்லை. கருவாடு சாப்பிடவில்லை.

ஜூன் 9, திங்கள்

கருவியை எடுக்கப் போனால், அதைக் காணவில்லை. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. மேற்குப் பக்கமாக அரைவட்டத்தில் பனையோலை நட்டு, நாரால் இழுத்துக் கட்டி, கருவியை உள்ளே பத்திரமாக உட்கார வைத்திருந்தார்கள். மூன்று நாள் அளவு பாழ். காற்றின் இரைச்சலை அளக்க வைத்த கருவிக்குக் காற்றே படாமல் மறைத்துவிட்டார்கள். இத்தனை வருட வேலையில் கருவியைத் திருடியிருக்கிறார்கள், கல்லால் அடித்திருக்கிறார்கள், ஒருமுறை மாடு தின்றிருக்கிறது. இப்படிச் சீராட்டியவர்கள் யாரும் இல்லை.

யார் இந்த வேலையைச் செய்தது என்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் முருங்கைக்காய்க் கட்டு.

"நான்தான் சார் கட்டுனேன். மொட்டையா நின்னு ஆடிக்கிட்டு கெடந்துச்சு. விழுந்துரும்லா? எங்க பக்கம் நட்டது எதுவா இருந்தாலும் இந்த மாசத்துல மேக்க பாத்து ஒரு மறைப்பு கட்டிருவோம்" என்றாள்.

உண்மைதான். அப்போதுதான் கவனித்தேன். தோட்டத்தில் ஒவ்வொரு முருங்கைக் கன்றுக்கும் அதே மாதிரி அரைவட்ட ஓலை. நான் வைத்த முக்காலியையும் ஒரு கன்றாகச் சேர்த்துவிட்டாள். அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"நீங்க யாரும்மா?"

"சிவகனி. இங்கனதான் இருக்கேன்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்தப் பூட்டைத் திறந்தாள். உள்ளே ஒரு மூலையில் மோட்டார். மற்ற இடமெல்லாம் வீடு. சுருட்டி வைத்த பாய், அடுப்பு, கொடியில் சேலை, சுவரில் முருகன் காலண்டர். நிலைப்படிக்கு உட்பக்கம் ஈரமாவில் சின்னக் கோலம் ஒன்று.

"வெளிய பொடிக்கோலம் போட்டா காத்து அள்ளிட்டுப் போயிருது சார். அதான் உள்ள" என்றாள்.

தங்கப்பழத்தின் தங்கையாம். புருஷன் நாகர்கோவிலில் இன்னொருத்தியோடு இருக்கிறான். பிறந்த வீட்டுக்கு வந்தவளை, கொஞ்ச நாளைக்கு இங்கே இரு என்று அண்ணன் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இரண்டு வருடம் ஆகிறது. தோட்டத்துக் காயை விற்றுத்தான் பிழைப்பு. விடியும்போதே காய் பறிக்கக் கிளம்புகிறவள் பூட்டிக்கொண்டு போகிறாள். அன்றைக்கு நான் பார்த்தது அந்தப் பூட்டு.

"மோட்டார் சத்தம் தொல்லை இல்லையா?"

"அது ஒண்ணுதான சார் எனக்குப் பேச்சுத்தொணை."

கஞ்சி இருக்கிறது, கை நனைத்துவிட்டுப் போங்கள் என்றாள். வேலை கிடக்கிறது என்று மறுத்துவிட்டேன். "எங்கண்ணனும் அப்படித்தான். வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிருவான். ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டான். குடிச்சா இது வீடுன்னு ஆயிரும்லா" என்று சிரித்தாள்.

கிளம்பும்போது கேட்டாள். "சார், காத்தாடி வந்தா இத இடிச்சிருவியளோ?"

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்பது என் தொழிலில் தினமும் சொல்கிற வார்த்தை. இன்றைக்குச் சொல்லும்போது வாய் கசந்தது.

ஜூன் 10, செவ்வாய்

தங்கப்பழம் லாட்ஜுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு குலை நுங்கு. அவரே சீவிக் கொடுத்தார். செய்தி போயிருக்கிறது.

"அவ சொல்லுதத எல்லாம் எழுதிராதீய அண்ணாச்சி. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளய. இந்தக் காத்தாடி வாடகையில ரெண்டையும் கரை சேத்துருவேன். நான் என்ன அவளத் தெருவுலயா விடப் போறேன்? ஊருக்குள்ள ஒரு எடம் பாத்துக் குடுப்பேன்."

"ஊருக்குள்ள எங்க?"

"பாப்போம்."

அந்த வார்த்தை எனக்கு நன்றாகப் பழக்கம்.

"அவ கொஞ்ச நாளைக்கு வந்து இருக்கிறவ. நீங்களே சொல்லுங்க, வந்து நிக்கிற தங்கச்சிய எந்த வீட்டுலதான் கணக்குல சேக்காங்க?"

நான் இன்னொரு சுளையை எடுத்துக்கொண்டேன். நுங்கு நன்றாக இருந்தது.

அழுத்தம் கூடுதல். நுங்கில் உப்பு கிடையாது. காரணம் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

சென்னை ஆபீசிலிருந்து போன். "ஏழாம் புள்ளியை மட்டும் விட்டுடாதீங்க உமாபதி, மத்த எட்டும் சேர்ந்தாலும் அந்தக் காத்து வராது" என்கிறார்கள். மேலதிகாரி நல்ல மனிதர்தான். மோட்டார் இருக்கிற கட்டடத்தை மோட்டார் அறை என்று சொல்வதில் என்ன பொய் என்று கேட்டார். பொய் இல்லைதான்.

பெண்கள் விடுதியிலிருந்தும் போன் வந்தது. ஒரு படுக்கை காலியாகிறதாம், ஒன்றாம் தேதி சேரலாமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இத்தனை நாளாக அதைத்தானே விசாரித்துக்கொண்டிருந்தேன், இப்போது யோசிக்க என்ன இருக்கிறது? தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று ஜெபராஜை ஏழாம் புள்ளிக்கு விடச் சொன்னேன். வழியில் அவனிடம் நிலைமையைச் சொல்லிப் புலம்பினேன். நான் 'வீடு' என்று எழுதினால் புள்ளி தள்ளிப் போய் வேறொருவர் நிலத்தில் விழும். தங்கப்பழத்துக்கு வாடகை போய்விடும். அந்தக் கோபத்தில் அவர் தங்கையைத் துரத்திவிட்டால் நான் எழுதியதற்கு என்ன அர்த்தம்? 'வீடு இல்லை' என்று எழுதினால் கிரேன் வந்து துரத்திவிடும். இரண்டிலும் வெளியே நிற்பது அவள்தான்.

"அந்த அக்காகிட்ட கேட்டியளா?" என்றான் ஜெபராஜ்.

கேட்கவில்லை. தங்கப்பழத்திடம் கேட்டேன், ஆபீசில் கேட்டார்கள், டைரியில் எழுதினேன். அவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

சிவகனி அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அண்ணனுடைய வாடகை, பிள்ளைகள், புள்ளி தள்ளிப் போவது, அவருடைய கோபம் எல்லாமே. அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள்.

"எழுதலன்னா எங்க போவேன்னு சொன்னான்?"

"ஊருக்குள்ள இடம் பார்ப்பாராம்."

"எந்த எடம்? எங்க மதினி அடுப்படியில ஒரு மூலையா? ஆறு மாசம் அங்கன இருந்து பாத்துட்டுத்தான சார் இங்க வந்தேன். மதினிய குத்தம் சொல்ல மாட்டேன். ஒரு வாய்ச் சோத்த அவ போடும்போது, அதிகமா வாங்கிட்டனோன்னு நானே நெனச்சு நெனச்சு வயித்துக்குள்ள போவாது. இங்கன என் கஞ்சி, என் உப்பு." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவன் கோவப்படுவான். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது, நான் பாத்துக்கிடுதேன். நீங்க கண்ணுல கண்டத எழுதுங்க. எங்கண்ணன் வாயால வராதத ஒரு தாள்லயாவது நான் பாக்கணும்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். எங்கள் விதிப் புத்தகத்தில் வீடு என்பதற்குக் கதவு எண்ணோ ரேஷன் அட்டையோ கேட்கவில்லை. சமையலும் தூக்கமும் நடக்கிற கட்டடம் என்றுதான் இருக்கிறது. தூக்கத்துக்குப் பாயைப் பார்த்தாயிற்று.

"அன்னிக்குக் கை நனைக்கச் சொன்னீங்களே" என்றேன்.

கோலத்தை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தேன். சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் போட்டாள். ஜெபராஜுக்கும் ஒரு தட்டு வந்தது. பொரியலில் உப்பு தூக்கலாக இருந்தது. டாக்டர் பார்த்திருந்தால் தட்டைப் பிடுங்கியிருப்பார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அழுத்தம் குறைந்திருக்கிறது. உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட நாளில் குறைகிறதே. அழுத்தம் பார்க்கிற கருவியை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

அறிக்கையை அனுப்பினேன். ஏழாம் புள்ளிக்கு நேரே, 'குடியிருப்பு: உண்டு. தூங்கும் இடம் நேரில் பார்க்கப்பட்டது. சமையல் உண்டு, சாப்பிட்டேன்' என்று எழுதியிருந்தேன். சாப்பிட்டேன் என்பதை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்க மாட்டேன் என்றேன். புள்ளி வடகிழக்கே தள்ளிப் போகிறது. காற்று கொஞ்சம் குறையும். சென்னையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு மாதத்தில் இறங்கிவிடும்.

அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று எடுத்து, சிவகனிக்கு ஜெபராஜிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 14, சனி

ஊருக்குக் கிளம்புமுன் அந்த மேட்டுப் பக்கம் போனேன். பயந்துகொண்டேதான் போனேன். தங்கப்பழம் வழியில் எதிரே பைக்கில் வந்தவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

கதவு திறந்திருந்தது. சிவகனி கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் போறான். நல்லா கத்துனான் சார். குடிய கெடுத்துட்டன்னான். என் பிள்ளைய வாழ்க்கை போச்சுன்னான். நான் ஒண்ணும் பேசல. கத்தி முடிச்சு அந்தப் படியில ஒக்காந்துட்டான். மத்தியானம் ஆயிருச்சே, சோத்தப் போட்டு வச்சேன்." கவிழ்த்த தட்டைக் காட்டினாள். "தின்னுட்டுப் போறான். ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் இங்கன கை நனைக்கான்."

அவள் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை. வாடகைப் பணத்துக்குப் பதிலாகத் தோட்டத்துக் காயில் பாதியை அண்ணனுக்கே பறித்துக் கொடுக்கப் போகிறாளாம். பிள்ளைகள் அவளுக்கும் பிள்ளைகள்தானே என்றாள். ஒரு கட்டு முருங்கைக்காயை என் கையில் திணித்தாள். "வீட்டுல எத்தன பேரு சார்? இது போதுமா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன். எத்தனை பேர் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதே நாள், பஸ்ஸில்

மதுரை தாண்டியதும் அகிலாவுக்குப் போன் செய்தேன். கணக்கெடுப்புக்காரர்கள் மறுபடி வருவார்களா, எங்கே போய்த் திருத்தலாம் என்று கேட்டேன்.

"எதைத் திருத்தணும்?"

"நாலுன்னு சொன்னோமே. அஞ்சுன்னு சொல்லணும்."

"நான் அன்னிக்கே அஞ்சுன்னுதான் சொன்னேன்" என்றாள் அகிலா.

பிறகு ஏன் என்னிடம் கேட்டாய் என்றேன்.

"நீங்க வாயால சொல்லணும்னு பார்த்தேன். கையெல்லாம் மாவு, அதனால ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். பக்கத்துல வசு நின்னுட்டிருந்தா."

பஸ்ஸில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வசு என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. வந்தவங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தா."

வசு இருப்பது அகிலாவுக்குப் பிடிக்காது, அவளுக்காகத்தான் விடுதி என்று நான் இந்த டைரியில் எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அகிலா ஒருநாளும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு. திருச்சி

விடுதிக்குப் போன் செய்து படுக்கை வேண்டாம் என்றேன்.

அழுத்தம் அளக்கவில்லை. மத்தியானம் முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். தை மாதத்துக்குப் பிறகு நான் அந்தப் படியில் ஏறுவது இதுதான் முதல் தடவை. வசு கதவைத் திறந்து, ஏதாவது வேணுமாண்ணா என்றாள். வழி முழுக்க என்னென்னவோ சொல்லத் தயார் செய்திருந்தேன். கேட்டது இதைத்தான்.

"என்ன சமைச்சிருக்க?"

"ரசமும் அப்பளமும்தான்."

உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். வசு தன்னிடமிருந்த ஒரே தட்டைக் கழுவி என் முன்னால் வைத்தாள்.